ஒருமையில் பேசிய குற்றம்

1603 நவம்பர் 17. லண்டனில் பிளேக் பரவியிருந்ததால் ஒரு பெரிய வழக்கின் விசாரணையை வின்செஸ்டர் நகரத்துக்கு மாற்றியிருந்தார்கள். கூண்டில் நின்றவர் சர் வால்டர் ராலே. எலிசபெத் ராணியின் செல்வாக்கில் வளர்ந்தவர், கடலோடி, கவிஞர். புதிய மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு எதிராகச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் வாதாடிய சர் எட்வர்ட் குக் அவரைத் துரோகி என்றார், விரியன் பாம்பு என்றார். அதிலும் ஆத்திரம் தீரவில்லை. 'யூ' என்று மரியாதையாக அழைக்கவேண்டிய ஒரு பிரபுவை 'தௌ' என்று ஒருமையில் அழைத்தார். வாய்தவறி வந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, வேண்டுமென்றேதான் ஒருமையில் அழைக்கிறேன் என்பதையும் சபையறியச் சொன்னார்.

அந்த நாளில் இது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதற்கும் முன்பே, 1602 பிப்ரவரியில் லண்டனில் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஒரு குடிகாரப் பிரபு, சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப்போகும் தன் நண்பனுக்கு யோசனை சொல்கிறார்: எதிராளியை மூன்று முறை 'தௌ' போட்டு எழுது, தப்பில்லை என்று. பார்வையாளர்கள் சிரித்திருப்பார்கள். 'அவன் என்னை ஒருமையில் பேசிவிட்டான்' என்று நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் எழும் புகாரைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சிரிப்பின் பொருளை விளக்கவேண்டியதில்லை.

இன்றைய ஆங்கிலத்தில் அந்த 'தௌ' இல்லை. குழந்தைக்கும் 'யூ', கலெக்டருக்கும் 'யூ'. ஒருவரானாலும் ஓராயிரம் பேரானாலும் 'யூ ஆர்'. ஒரே ஒரு ஆளுக்கு எப்படி 'ஆர்' வரும் என்று ஆறாம் வகுப்பில் கேட்கும் பிள்ளைக்கு, அது அப்படித்தான், மனப்பாடம் செய் என்ற பதிலே கிடைக்கிறது. உண்மையில் கேள்வி சரியானது. 'யூ' பன்மைச் சொல். அதற்குரிய வினையும் பன்மையில்தான் வரவேண்டும். ஒருமைச் சொல் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். கைவிடும்போது நடந்த கலாட்டாவில் சிறை, சவுக்கடி, அப்பன் மகன் சண்டை எல்லாம் உண்டு.

ஆதி ஆங்கிலத்தில் எண் மூன்று வகை. ஒருவரை அழைக்க 'தூ', பலரை அழைக்க 'யே', சரியாக இருவரை மட்டும் அழைக்க 'யிட்'. சமஸ்கிருதத்தில் உள்ள இருமை போன்றது இது. 'தூ' என்பதும் சமஸ்கிருதத்தின் 'த்வம்', இந்தியின் 'தூ' ஆகியவற்றோடு ஒரே வேரில் பிறந்ததுதான். இருமை 13ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மறைந்துபோனது. அதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. முக்கியமானது என்னவென்றால், அந்தப் பழைய ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை கிடையாது. அரசனையும் 'தூ' என்றே அழைத்தார்கள். பன்றி மேய்ப்பவனையும் அப்படித்தான்.

ஒற்றை ஆளைப் பன்மையில் அழைக்கும் பழக்கம் ரோமிலிருந்து வந்தது. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீனில் பேரரசரைப் பன்மையில் விளிக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்போது பேரரசர்கள் இருவர், கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர். ஒருவரிடம் பேசினாலும் இருவரிடமும் பேசுவதாகக் கருதப்பட்டதால் பன்மை வந்தது என்று 1960இல் ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒரு விளக்கம் தருகிறது. அரசன் தன்னையே 'நாம்' என்று சொல்லிக்கொண்டதால் எதிரில் நிற்பவனும் பன்மையில் பதில் சொல்லவேண்டி வந்தது என்ற காரணத்தையும் அதே கட்டுரை குறிப்பிடுகிறது. எப்படியோ, பேரரசருக்கு வந்தது பிரபுக்களுக்கு இறங்கி, லத்தீனின் பிள்ளையான பிரெஞ்சு மொழிக்கும் போய்ச் சேர்ந்தது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனை, நீதிமன்றம், மடாலயம் எங்கும் பிரெஞ்சு. மேட்டுக்குடியினர் பிரெஞ்சில் ஒருவரை ஒருவர் பன்மையில் அழைத்துக்கொள்வதைப் பார்த்த ஆங்கிலம் 13ஆம் நூற்றாண்டில் அதைத் தானும் கற்றுக்கொண்டது. பெரியவருக்கு 'யீ' (பழைய 'யே'), 'யூ'. சின்னவனுக்கு 'தௌ' (பழைய 'தூ'). கவிஞர் சாசர் எழுதிய 14ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கு நன்றாக வேரூன்றிவிட்டது. எழுவாயாக வருவது 'யீ', செயப்படுபொருளாக வருவது 'யூ' என்ற வேறுபாடும் 1600ஐ ஒட்டிக் கரைந்து, 'யூ' மட்டும் நின்றது. அப்படிப் பார்த்தால் இன்று உலகமே பேசும் அந்தச் சொல் இரண்டு விதத்தில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது: பன்மையாக இருந்து ஒருமைக்கு வந்தது, 'உங்களை' என்றிருந்து 'நீங்கள்' ஆனது.

மரியாதைச் சொல் ஒன்று நாட்டில் புழங்கத் தொடங்கினால் அதன் விலை இறங்கிக்கொண்டே போகும். பிரபுவுக்கு மட்டும் சொன்னதை வியாபாரி தனக்கும் எதிர்பார்ப்பான். வியாபாரிக்குச் சொன்னதை அவன் குமாஸ்தாவும் எதிர்பார்ப்பான். எதிரே நிற்பவர் யாரென்று சரியாகத் தெரியாதபோது கூட்டிச் சொல்வதுதான் பாதுகாப்பு. லண்டன் போன்ற, அந்நியர்கள் நிறைந்த நகரத்தில் இது வேகமாக நடந்தது. 1655இல் தாமஸ் ஃபுல்லர் என்ற பாதிரியார் தன் திருச்சபை வரலாற்று நூலில் நிலவரத்தை அலசுகிறார். மேலோர் கீழோரை 'தௌ' என்பது அதிகாரம், சமமானவர்கள் சொல்லிக்கொள்வது நெருக்கம். ஆனால் கீழோர் மேலோரைச் சொன்னால், தெரியாமல் சொன்னது பட்டிக்காட்டுத்தனம், தெரிந்தே சொன்னது அவமதிப்பு என்பது அவர் தீர்ப்பு. ஃபுல்லர் பொதுவாகப் பேசவில்லை. தெரிந்தே சொல்பவர்கள் அப்போது இங்கிலாந்து முழுவதும் கிளம்பியிருந்தார்கள்.

குவேக்கர்கள். நண்பர்கள் சபை என்று தங்களை அழைத்துக்கொண்ட கிறிஸ்தவப் பிரிவினர். நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸ் லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளியின் மகன். செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர். உயர்ந்தவர் தாழ்ந்தவர் யாருக்கும் தொப்பியைக் கழற்றாதே, ஏழை பணக்காரர் எல்லோரையும் 'தௌ' என்றே அழை என்று கடவுள் தனக்குக் கட்டளையிட்டதாக அவர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருடைய வாதம் எளிமையானது. ஒரு மனிதன் ஒருவன்தான். ஒருவனைப் பலர் என்று சொல்வது பொய். பொய் பாவம். அதிலும் பணக்காரனுக்கு மட்டும் சொல்லும் பொய் இன்னும் பெரிய பாவம்.

சமத்துவத்தை இலக்கணத்தின் வழியாகப் பிடித்த இந்த மனிதரை மாஜிஸ்திரேட்டுகளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தொப்பியோடு நீதிமன்றத்தில் நின்று, நீதிபதியைப் பார்த்து 'தௌ' என்றால்? 1656இல் லான்ஸ்டன் நகரில் தலைமை நீதிபதி கிளின் கோபமாக, பைபிளில் தொப்பி எங்கே வருகிறது என்று கேட்டார். தானியேல் ஆகமத்தில் சூளையில் போடப்பட்ட மூவரும் தொப்பியோடுதான் போடப்பட்டார்கள் என்று ஃபாக்ஸ் பதில் சொன்னார். அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

வீடுகளுக்குள் நிலைமை இன்னும் மோசம். ஆக்ஸ்ஃபோர்டுஷயரைச் சேர்ந்த தாமஸ் எல்வுட் இருபது வயதில் குவேக்கர் ஆனார். தந்தை முன்னால் தொப்பியோடு நின்றார்; தந்தை தொப்பியைப் பிடுங்கி அடித்தார். அடுத்த தொப்பி, அதற்கடுத்த தொப்பி என்று எல்லாத் தொப்பிகளும் போயின. பிறகு ஒருநாள் மகன் வாயிலிருந்து தந்தையைப் பார்த்து 'தௌ' வந்தது. இன்னொரு முறை கேட்டால் பல்லை உடைத்துத் தொண்டைக்குள் அனுப்பிவிடுவதாகத் தந்தை மிரட்டியதை எல்வுட்டே தன் வாழ்க்கை வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். (இந்த எல்வுட்தான் பின்னாளில் பார்வையிழந்த கவிஞர் மில்டனுக்கு லத்தீன் நூல்களை வாசித்துக் காட்டியவர். இழந்த சொர்க்கத்தைப் பாடினீர்கள், மீண்ட சொர்க்கத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று மில்டனைக் கேட்டவரும் அவரே.) அட்மிரல் பென்னின் மகன் வில்லியம் பென் குவேக்கர் ஆனபோது தந்தை கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்தார்: யாரை வேண்டுமானாலும் 'தௌ' என்று அழைத்துக்கொள், மன்னரையும் மன்னரின் தம்பியையும் என்னையும் மட்டும் விட்டுவிடு. மகன் ஒத்துக்கொள்ளவில்லை. பென்சில்வேனியா என்ற குடியேற்றத்தைப் பின்னாளில் நிறுவியவர் இந்த மகன்தான்.

1660இல் இந்தச் சண்டைக்கு ஒரு பெரிய புத்தகமே வந்துவிட்டது. 'ஒருமையும் பன்மையும் கற்றுக்கொள்ள ஆசிரியர்களுக்கும் பண்டிதர்களுக்கும் ஒரு பேட்டில்டோர்' என்று அதன் நீண்ட தலைப்பைச் சுருக்கிச் சொல்லலாம். பேட்டில்டோர் என்பது அன்றைய சின்னப் பிள்ளைகளின் அரிச்சுவடிப் பலகை; கைப்பிடி வைத்த மட்டை வடிவத்தில் இருக்கும். பல்கலைக்கழகப் பண்டிதர்களே, உங்களுக்கு அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கவேண்டியிருக்கிறது என்பது தலைப்பில் உள்ள குத்தல். பக்கங்களையும் அதே பலகை வடிவச் சட்டத்துக்குள் அச்சிட்டிருந்தார்கள். ஃபாக்ஸுக்கு எபிரேயமும் கிரேக்கமும் தெரியாது. அவரோடு சேர்ந்து உழைத்த ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி இருவரும் மொழிகள் அறிந்தவர்கள். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளிலிருந்து சான்று காட்டினார்கள்: எல்லா மொழியிலும் ஒருவருக்கு ஒரு சொல், பலருக்கு வேறு சொல், பைபிளிலும் கடவுளை ஒருமையில்தான் அழைக்கிறார்கள், கடவுளுக்கே ஒருமை என்றால் லண்டன் மேயருக்கு எதற்குப் பன்மை?

புத்தகத்தை மன்னருக்கும் பேராயருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பினார்கள். எல்லா நாட்டு மொழிக்கும் இதுதான் முறை என்று மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒப்புக்கொண்டதாகவும், கேன்டர்பரி பேராயர் என்ன சொல்வதென்று தெரியாமல் திகைத்து நின்றதாகவும் ஃபாக்ஸ் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய தரப்புச் செய்தி என்பதை மறக்காமல் படிக்கவேண்டும். ஆனாலும் இலக்கணத்தை வைத்து அவரை மடக்க யாராலும் முடிந்திருக்காது. ஸ்டப்ஸின் துணிச்சலும் இலக்கணத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே சீனப் பேரரசருக்கு ஃபாக்ஸ் எழுதிய கடிதத்தோடு கப்பலேறி, அலெக்சாந்திரியா வரை போய், அங்கிருந்த ஆங்கிலத் தூதரால் திருப்பி அனுப்பப்பட்டார்.

ஒருவனைப் பன்மையில் அழைக்கக் கூடாது என்ற ஃபாக்ஸின் வாதத்தின் மறுபக்கத்தை நம் தொல்காப்பியம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓரிரு வரியில் முடித்துவைத்திருந்தது. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் உயர்வு கருதி வருவது. இலக்கண நெறிப்படி வருவதல்ல என்று சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் கூறுகிறது. இலக்கணப்படி தவறு என்பதில் தொல்காப்பியரும் ஃபாக்ஸும் ஒரே கட்சி. அதனால் அதைப் பாவம் என்று தூக்கியெறிய வேண்டும் என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. வழக்கு என்று குறித்துவைத்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார். கடவுள் விஷயத்தில் நம் வழக்கு இன்னும் சுவையானது. சிவனையும் திருமாலையும் பாடியவர்கள் 'நீ' என்று உரிமையோடு பாடினார்கள். தமிழ் பைபிள் கர்த்தரை 'நீர்', 'தேவரீர்' என்கிறது. ஃபாக்ஸ் தமிழ் கற்றிருந்தால் அவருடைய வாதத்துக்கு இரு தரப்பிலும் சாட்சி கிடைத்திருக்கும்.

குவேக்கர்கள் தோற்றார்கள். 1700 வாக்கில் லண்டன் பேச்சில் 'தௌ' கிட்டத்தட்ட இல்லை. எவரும் 'தௌ' சொன்னால் அவர் குவேக்கரோ என்று சந்தேகம் வந்துவிடும். அந்தப் பயத்தாலேயே மற்றவர்கள் அதை இன்னும் வேகமாகக் கைவிட்டார்கள் என்று கருதுபவர்கள் உண்டு. குவேக்கர்களின் பேச்சுக்கு நேர்ந்தது அதைவிட வேடிக்கை. சரியான இலக்கணத்துக்காக உதை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், குறிப்பாக அமெரிக்காவில், எழுவாயாக வரவேண்டிய 'தௌ'வை விட்டுவிட்டு, செயப்படுபொருளான 'தீ'யை அந்த இடத்தில் வைத்து, 'தீ இஸ்' என்று பேசத் தொடங்கினார்கள். 'உன்னை வருகிறது' என்பது போன்ற வாக்கியம் அது. எல்லோரையும் சமமாக அழைக்கப் பிறந்த சொல், கடைசியில் சொந்தக் கூட்டத்துக்குள் மட்டும் புழங்கும் வீட்டுச் சொல்லாக மிஞ்சியது.

பன்மைச் சொல் ஒருமையின் இடத்தில் உட்கார்ந்ததும் அடுத்த சிக்கல். ஒருவரைக் குறிக்கும்போது 'யூ வாஸ்', பலரைக் குறிக்கும்போது 'யூ வெர்' என்று 18ஆம் நூற்றாண்டில் படித்தவர்களும் பிரித்துப் பேசினார்கள். நல்ல ஏற்பாடு. இழந்த வேறுபாடு வினையின் வழியாகத் திரும்பக் கிடைத்திருக்கும். ஆனால் 1762இல் ராபர்ட் லௌத் என்ற மதகுரு, பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், தன் இலக்கண நூலில் அதைப் பெரும் பிழை என்று கண்டித்தார். அமெரிக்காவில் அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் 'யூ வாஸ்' பக்கம் நின்று பார்த்தார். பள்ளிக்கூடங்கள் லௌத்தின் பக்கம் சாய்ந்தன. இன்று 'யூ வாஸ்' என்பது படிக்காதவர் பேச்சு.

அடுத்து வந்த பெரிய இலக்கண ஆசிரியர் லிண்ட்லி மர்ரே. பென்சில்வேனியாவில் பிறந்து, நியூயார்க்கில் வக்கீலாக இருந்து, இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் பக்கத்தில் குடியேறியவர். அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதற்காக 1795இல் அவர் எழுதிய நூல் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பதிப்புமேல் பதிப்பாக விற்றது. வினைத் திரிபு அட்டவணைகளில் ஒருமைக்கு அவர் வைத்திருந்தது 'தௌ'. தெருவில் யாரும் சொல்லாத அந்தச் சொல்லை லட்சக்கணக்கான பிள்ளைகள் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஒப்பித்தார்கள். அந்தப் பள்ளியும் குவேக்கர் பள்ளி, மர்ரேயும் குவேக்கர்.

சமத்துவத்துக்காக ஒருமையைக் கையிலெடுத்தவர்கள் வேறு நாடுகளிலும் இருந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் உச்சத்தில், 1793இல், குடிமக்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒருமையில் அழைக்கவேண்டும் என்று மனு போனது. கொஞ்ச காலம் நடக்கவும் செய்தது. பிறகு பழையபடி பன்மை திரும்பிவிட்டது. சுவீடன்தான் இதைச் சாதித்தது. 1967இல் அந்நாட்டு மருத்துவத் துறைத் தலைவராகப் பதவியேற்ற ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லோரையும் 'டூ' என்று ஒருமையில் அழைக்கப்போவதாகவும் அவர்களும் தன்னை அப்படியே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடே மாறிவிட்டது. ஆங்கிலேயர்களும் ஒருவகையில் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், எதிர்த்திசையில். சுவீடனில் எல்லோரும் 'நீ' ஆனார்கள், இங்கிலாந்தில் எல்லோரும் 'நீங்கள்' ஆனார்கள்.

இதே கதையின் அடுத்த அத்தியாயம் இப்போது 'தே' என்ற சொல்லில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை, அல்லது இரண்டில் ஒன்றாகத் தன்னைக் கருதாத ஒருவரைப் பன்மைச் சொல்லான 'தே' கொண்டு குறிக்கலாமா என்ற சண்டை. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஒருவரைப் பலர் என்பதா, இலக்கணம் என்ன ஆவது என்று கொதிப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஃபாக்ஸின் வாதத்தைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். அதைச் சொல்லும்போதே எதிரில் நிற்கும் ஒற்றை ஆளை 'யூ ஆர்' என்றும் அழைக்கிறார்கள். யாரென்று குறிப்பிடாத ஒருவருக்கு 'தே' போடுவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் நாவல்களிலும் உண்டு.

'யூ' ஒருமைக்குப் போய்விட்டதால் பன்மை காலியானது அல்லவா? தமிழில் 'அவர்' மரியாதை ஒருமையானதும் பலரைச் சொல்ல 'அவர்கள்' தேவைப்பட்டதைப் போல, ஆங்கிலமும் புதிய பன்மைகளைத் தேடிக்கொண்டே இருக்கிறது. அயர்லாந்தில் பழைய 'யீ' இன்னும் உயிரோடிருக்கிறது. கூடவே 'யூஸ்' என்று பன்மை விகுதி ஒட்டிய வடிவமும் உண்டு. லிவர்பூலிலும் அது கேட்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் 'யால்'. பிட்ஸ்பர்க் நகரில் 'யின்ஸ்'. அந்த ஊர்க்காரர்களுக்கே 'யின்சர்' என்று பட்டப்பெயர். வட அமெரிக்காவின் மற்றப் பகுதிகளில் 'யூ கைஸ்'. இலக்கணப் பாடநூலில் இவற்றில் எதற்கும் இடமில்லை. நம் நாட்டு வகுப்பறைகளில் வாத்தியார்கள் வெகுகாலமாக 'யூ பீப்பிள்' என்று சொல்லிவருகிறார்கள். எந்த மாணவனும் அதில் குற்றம் கண்டதில்லை.

அமெரிக்காவில் கண்டார்கள். 1992 ஜூலை 11 அன்று, அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முனைந்திருந்த கோடீஸ்வரர் ராஸ் பெரோ, நாஷ்வில் நகரில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. மாநாட்டில் பேசினார். பொருளாதாரம் சரிந்தால் முதலில் அடிபடுவது யார் என்று அனுதாபத்தோடு விளக்கும்போது, கேட்டுக்கொண்டிருந்தவர்களை 'யூ பீப்பிள்' என்று குறிப்பிட்டார். நீங்கள் வேறு, நாங்கள் வேறு என்று அவர் பிரிப்பதாக அவர்களுக்குப் பட்டது. அரங்கத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது, மறுநாள் செய்தித்தாள்களில் அதுவே பேச்சு. பெரோ மன்னிப்புக் கேட்டார். ஐந்து நாள் கழித்துப் போட்டியிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் வேறு. அக்டோபரில் திரும்பி வந்து போட்டியிட்டார்.